ஆட்டத்திற்கும் ஒலிப்பணிக்கும் ஏற்ற இயங்குதளம் எது?

ஒரு தச்சரிடம் சென்று, "உளிகளிலே சிறந்த உளி எது?" என்று கேட்டால் அவர் உடனே விடை கூறமாட்டார். "துளையிடவா, செதுக்கவா, பூவேலைக்கா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். செய்யப்போகும் வேலையைச் சொல்லாமல் கருவியைப் பற்றிக் கேட்பது பாதிக் கேள்வி என்பதை அவர் அறிவார். கணிப்பொறி வாங்க முற்படும் நம் மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் கேட்பது பெரும்பாலும் இந்தப் பாதிக் கேள்வியையே. "விண்டோஸா, மேக்கா, லினக்ஸா, எது நல்லது?" என்கிறார்கள். எந்தப் பணிக்கு என்று சொல்வதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து மாணவரிடையே இன்று இரண்டு ஆர்வங்கள் மேலோங்கி நிற்கின்றன. ஒன்று, கணிப்பொறி விளையாட்டு. மற்றொன்று, ஒலிப்பணி. பாடலைப் பதிவு செய்தல், சொற்பொழிவைத் திருத்தி வெளியிடுதல், குறும்படத்திற்குப் பின்னணிக் குரல் சேர்த்தல், நூல்களை ஒலிநூலாக்குதல் ஆகிய அனைத்தும் இந்த ஒலிப்பணியில் அடங்கும். இவ்விரண்டையும் ஒரே கணிப்பொறியில் செய்ய விரும்பும் இளைஞருக்கு எந்த இயங்குதளம் ஏற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

என் கருத்தை முன்னரே மொழிந்துவிடுகிறேன். ஒலிப்பணியைக் கற்கத் தொடங்கும் நம் மாணவருக்கு லினக்ஸே தக்க தொடக்கம். குறிப்பிட்ட சில போட்டி ஆட்டங்கள் இன்றியமையாதவை எனக் கருதுவோர் விண்டோஸை உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்வதே முறை. மேக், ஒலிப்பணியால் வருவாய் வரத் தொடங்கிய பின்னர் எண்ணிப் பார்க்கத்தக்கது. எதைத் தேர்ந்தாலும் களவுப் பிரதிக்கு அங்கே இடமிருத்தல் ஆகாது.

இயங்குதளத்தின் வேலை

ஆவடி வழியே செல்லும் இருப்புப் பாதையை எண்ணிப் பாருங்கள். புறநகர் மின்வண்டி, தொலைதூர விரைவு வண்டி, சரக்கு வண்டி எல்லாம் அவ்வழியே செல்கின்றன. எதை முன்னே விடுவது, எதை நிறுத்தி வைப்பது என்பதை முடிவு செய்பவர் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறார். கணிப்பொறிக்குள் அந்த அதிகாரியின் பணியைச் செய்வதுதான் இயங்குதளம். ஒரே நேரத்தில் பல நிரல்கள் செயலியின் காலத்தைக் கேட்கின்றன. அவற்றுக்குக் காலத்தைப் பங்கிட்டு அளிப்பதே அதன் தலையாய பணி.

கடிதம் தட்டச்சு செய்பவருக்கு இந்தப் பங்கீட்டில் சிறு பிழை நேர்ந்தாலும் தெரியாது. எழுத்து ஒரு கணம் பிந்தித் திரையில் தோன்றினால் அதனால் குறையொன்றும் இல்லை. ஒலியும் ஆட்டமும் அப்படிப்பட்டவை அல்ல. இவ்விரண்டுக்கும் காலம் தவறாமையே உயிர். ஆகவேதான் மற்றப் பணிகளுக்குப் பொருட்டாகாத இயங்குதளத் தேர்வு இவற்றில் பொருட்டாகிறது.

மாத்திரைக் கணக்கு

காலத்தை நுட்பமாக அளப்பது தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் ஒரு மாத்திரைக்கு அளவாகக் கொண்டது தொல்காப்பியம். குற்றியலுகரத்திற்கு அரை மாத்திரையும் மகரக்குறுக்கத்திற்குக் கால் மாத்திரையும் வகுத்தனர் நம் இலக்கணத்தார். கண் இமைப்பு ஒன்று, விநாடியின் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று நான்கு பங்கு வரை நீள்வது. ஒலிப்பதிவுக்குரிய காலக் கணக்கு அக்கால் மாத்திரையினும் நுண்ணியது.

பாடகர் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார். அவர் குரல் கணிப்பொறிக்குள் சென்று, எண்களாக மாறி, மீண்டும் ஒலியாகி அவர் காதில் பொருத்திய கருவிக்கு வந்து சேர வேண்டும். இதற்கு 10 மில்லி விநாடி ஆனால், சுமார் 11 அடி தொலைவிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து கேட்பது போன்றது, பொறுத்துக்கொள்ளலாம். 30, 40 மில்லி விநாடி ஆகிவிட்டால் தம் குரலே பிந்தி வந்து தம்மைத் தடுமாறச் செய்வதைப் பாடகர் உணர்வார்.

இத்தாமதம் எங்கிருந்து வருகிறது? ஒலியை விநாடிக்கு 48,000 கூறுகளாகப் பகுத்துக் கணிப்பொறி வாங்கிக்கொள்கிறது. கூறுகளை ஒவ்வொன்றாகக் கையாள முடியாதாகையால் கூடை கூடையாகச் சேர்த்துக் கையாள்கிறது. ஒரு கூடைக்கு 256 கூறுகள் என்றால் 5.3 மில்லி விநாடி. 1,024 கூறுகள் என்றால் 21.3 மில்லி விநாடி. கூடை சிறியதாயின் தாமதம் குறையும். ஆனால், அடுத்த கூடை நிரம்புவதற்குள் இயங்குதளம் தவறாது வந்து எடுத்தாக வேண்டும். ஒருமுறை பிந்தினாலும் பதிவில் 'டக்' என்றோர் ஓசை விழுந்து, நல்ல பாட்டு பழுதாகிவிடும்.

விளையாட்டிலும் இதே கணக்குத்தான். விநாடிக்கு 60 படங்கள் திரையில் தோன்ற வேண்டுமாயின் ஒவ்வொரு படத்திற்கும் கிடைப்பது 16.7 மில்லி விநாடியே. அதற்குள் படம் வரையப்படாவிட்டால் ஆட்டம் திக்கும்.

ஆட்டமும் ஒலியும் ஒரே கருவியில் கூடி வாழ்வது இன்று தொடங்கியதுமன்று. இசைக்கருவிகளும் கணிப்பொறியும் ஒன்றோடொன்று பேசுவதற்கான 'மிடி' எனும் பொதுமுறை 1983இல் வந்தது. 1985இல் வெளிவந்த அட்டாரி எஸ்டி என்னும் கணிப்பொறி, விளையாட்டுக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தினுடையது. அதில் மிடி இணைப்பு உடன்பிறந்ததாகவே அமைந்திருந்தமையால் மேலைநாட்டு இசைக்கலைஞர்கள் பலர் அதனைத் தேடி வாங்கினர். வேலைக்குத் தக்க கருவியை அவர்கள் தேர்ந்த முறை அது.

மூன்று தளங்களும் அவற்றின் இயல்புகளும்

விண்டோஸ் தளத்தின் வலிமை விளையாட்டு. 1995இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் டைரக்ட்எக்ஸ் என்னும் அமைப்பைத் தந்தது முதல் விளையாட்டு படைப்போர் முதலில் எண்ணுவது இத்தளத்தையே. ஒலியைப் பொறுத்தவரை இதன் இயல்பான வழியில் தாமதம் சற்று மிகுதி. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் அளித்த 'ஏசியோ' என்னும் குறுக்குவழியே அக்குறையைப் போக்கியது. தக்க ஒலி இணைப்புக் கருவியும் அதற்குரிய இயக்கியும் இருந்தால் விண்டோஸில் முதல்தர ஒலிப்பணி செய்யலாம், உலகெங்கும் செய்கிறார்கள்.

மேக் தளத்தின் வலிமை ஒலி. நுண்ணிய காலக் கணக்குடைய 'கோர் ஆடியோ' அதன் அடித்தளத்திலேயே அமைந்திருக்கிறது. 2004 முதல் கராஜ்பேண்ட் என்னும் இசைப்பதிவு மென்பொருளும் உண்டு. ஆனால் விலை, நம் வட்டாரத்து நடுத்தரக் குடும்பங்கள் எளிதில் எட்டக்கூடியதன்று. ஆட்டத்திற்கும் அது ஏற்றதன்று. 2019இல் வந்த அதன் பதிப்பு 32 பிட் நிரல்களைக் கைவிட்டபோது பழைய ஆட்டங்கள் பல இயங்காமற் போயின. இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. லாஜிக் என்னும் இசை மென்பொருளை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை ஆப்பிள் 2002இல் விலைக்கு வாங்கி, அம்மென்பொருளின் விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. ஒரே நிறுவனத்தின் கருவியில் நம் தொழிலை முழுதும் வைப்பதன் இடர் என்ன என்பதற்கு இது சான்று.

லினக்ஸ், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. மாணவர் ஒருவரின் முயற்சி என்பதை நம் மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும். யாரும் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்பது அதன் உரிமம். அதனைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தமிழில் இத்துறைச் செய்திகளை 2012 முதல் 'கணியம்' இதழ் வழங்கி வருகிறது.

ஒலிப்பணிக்கு லினக்ஸ் உகந்ததா என்ற ஐயம் ஒரு காலத்தில் பொருளுடையதாக இருந்தது. இன்று அந்நிலை இல்லை. பால் டேவிஸ் என்பவர் முன்னின்று உருவாக்கிய 'ஜாக்' ஒலி அமைப்பும் 'ஆர்டர்' ஒலிப்பதிவு மென்பொருளும் முதலில் வழி திறந்தன. பின்னர் வந்த 'பைப்வயர்' பழைய சிக்கல்கள் பலவற்றைத் தீர்த்தது. காலம் தவறாமல் பணிகளை முடிக்கும் ஆற்றலை லினக்ஸின் கருவிலேயே சேர்க்கும் முயற்சி ஏறத்தாழ 20 ஆண்டுகள் நடந்து 2024இல் நிறைவெய்தியது. எளிய பதிவுக்கு ஆடாசிட்டி இருக்கிறது. ஒலி, ஒளிப் பணிகளுக்கென்றே தொகுக்கப்பட்ட உபுண்டு ஸ்டூடியோவும் இருக்கிறது. இவற்றைப் பெறப் பணம் தேவையில்லை. அல்லது மிகச் சிறிதே தேவை.

தமிழில் எழுதுவதைப் பொறுத்தவரை இன்று மூன்றும் ஒன்றே. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை மூன்று தளங்களிலும் கிடைக்கிறது.

ஆட்டம் குறித்துப் பெரியோருக்கு ஒரு சொல்

கணிப்பொறி ஆட்டம் என்றதும் முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தால் தமிழகத்தில் குடும்பங்கள் சிதைந்தமையே அதற்குக் காரணம். அத்தகைய பண ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது வரவேற்கத்தக்கதே. ஆனால் சூதும் ஆட்டமும் ஒன்றல்ல. 2023இல் வெளிவந்த 'வெண்பா' என்னும் ஆட்டத்தைப் பாருங்கள். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. பழைய சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லியும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம். மொழியை மறந்துவரும் மகனுக்கும் அதை விடாத தாய்க்கும் இடையிலான உறவே அதன் உட்பொருள். அதன் இசை, தமிழ்த் திரையிசையின் சாயல்களைக் கொண்டது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது. ஆட்டமும் ஒலியும் தமிழும் ஒன்றுகூடிய அந்தப் படைப்பை நம் மாணவர் ஒருவர் ஏன் படைக்கக்கூடாது?

இனித் தளத்திற்கு வருவோம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஆட்டங்கள் லினக்ஸில் இயங்கா என்பது பழைய நிலை. 1993 முதல் வளர்ந்துவந்த 'வைன்' என்னும் திட்டத்தை அடியொற்றி, வால்வ் நிறுவனம் 2018இல் 'புரோட்டான்' என்னும் இடைப்பொருளை அளித்தது. 2022இல் அந்நிறுவனம் விற்கத் தொடங்கிய கையடக்க ஆட்டக்கருவியே லினக்ஸில்தான் இயங்குகிறது. இதனால் தனியாக ஆடும் ஆட்டங்களில் மிகப் பல இன்று லினக்ஸில் குறையின்றி இயங்குகின்றன.

ஆயினும் ஒரு சுவர் இன்னும் நிற்கிறது. பலர் கூடிப் போட்டியிடும் ஆட்டங்களில் ஏமாற்றுவோரைத் தடுக்கக் காவல் நிரல்கள் உள்ளன. அவற்றுட் சில லினக்ஸை ஏற்பதில்லை. வேலரண்ட், ஃபோர்ட்நைட் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. நண்பர்களோடு வேலரண்ட் ஆடுவதே நோக்கமாயின் லினக்ஸைப் பரிந்துரைப்பது அவரை ஏமாற்றுவதாகும். அவருக்குத் தேவை விண்டோஸே.

முடங்கிக் கிடக்கும் மடிக்கணினிகள்

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே அடுத்த பத்தாண்டுக்குள் சுமார் 50 இலட்சம் மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். அண்ணன் வாங்கியதும் அக்காள் வாங்கியதுமாக அவை இன்றும் நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் செயலியும் பாதுகாப்புச் சில்லும் 2018க்கு முன் வழங்கப்பட்ட அக்கருவிகளில் இல்லை. "இனி இது பழைய இரும்புக்குத்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அம்முடிவு தவறு. 4 ஜிபி நினைவகமும், பழைய வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி வட்டும் பொருத்தி, எடை குறைந்த லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவினால் குரலைப் பதிந்து திருத்தும் பணிக்கு அது தாராளமாகப் போதும். புதிய பெரிய ஆட்டங்களை அது இயக்காது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கற்பதற்குக் கருவி இல்லை என்று சொல்லும் நிலை அதன்பின் இராது. 2 ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கும் திட்டத்தை 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. புதியன வருங்கால் பழையன குப்பைக்குப் போகாமல் காக்கும் பொறுப்பும் நமக்குண்டு.

நிரலும் இலக்கியமே

இங்கே கசப்பான ஒன்றைக் கூறியாக வேண்டும். கணிப்பொறியைச் சேர்த்துக் கொடுக்கும் சில கடைகளில் விண்டோஸும் விலையுயர்ந்த இசை மென்பொருள்களும் 'இலவசமாக' நிறுவித் தரப்படுகின்றன. அவை இலவசம் அல்ல, களவு. வாங்குபவரும் அறிவார், விற்பவரும் அறிவார். "எல்லாரும் செய்வதுதானே" என்று அமைதி கொள்கிறோம்.

தமிழ்த்துறையினர் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கணிப்பொறி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வகையிலேயே அடக்குகிறது. கவிஞர் ஒருவரின் பாடலை மற்றொருவர் தம் பெயரில் வெளியிட்டால் கொதித்தெழும் நாம், நிரலைத் திருடுவதை மட்டும் எவ்வாறு பொறுக்கிறோம்? களவுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் அச்சட்டத்தில் உண்டு. ஆதாயத்திற்காகப் பயன்படுத்தாதவரிடம் தக்க காரணம் கண்டு சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்திற்கு இடம் உண்டென்பது வேறு. தண்டனைக்கு அஞ்சி விலகுவதினும், பிறர் உழைப்பு நம் கையில் உள்ள அமானிதம் என உணர்ந்து விலகுவதே உயர்வு. பாட்டுப் பதிந்து பொருளீட்ட எண்ணும் இளைஞர், நாளைத் தம் பாட்டைப் பிறர் திருடினால் எந்த வாயால் முறையிடுவார்?

களவைத் தவிர்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கையில் பணமில்லாத மாணவரை வெறுங்கையோடு அனுப்பிவிட முடியாது. அவருக்கு நேரிய வழியொன்று காட்டப்படவேண்டும். லினக்ஸை நான் முன்வைப்பதற்குத் தலையாய காரணம் இதுவே.

ஐயங்களும் விடையும்

"ஒலிப்பதிவுக் கூடங்களில் புரோ டூல்ஸ் அல்லவா கேட்கிறார்கள்? அது லினக்ஸில் இயங்காதே?" என்பது நியாயமான வினா. இயங்காது என்பது உண்மை. விலைக்கு விற்கப்படும் இசைக்கருவி நிரல்கள் பலவற்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. ஆனால் ஒலிவாங்கியை எங்கே வைப்பது, ஒலியளவை எவ்வளவில் நிறுத்துவது, குரலின் இரைச்சலை எவ்வாறு களைவது என்னும் அடிப்படைகள் எல்லாத் தளங்களுக்கும் பொது. யாப்பு அறிந்தவர்க்கு எழுதுகோல் மாறுவதால் பாட்டு தடைப்படுவதில்லை. தொழிலுக்குச் சென்றபின் அங்குள்ள மென்பொருளைச் சில கிழமைகளில் பழகிக்கொள்ளலாம். 60 டாலர் உரிமத்தில் கிடைக்கும் 'ரீப்பர்' மூன்று தளங்களிலும் இயங்குவது. இன்று ஒன்றிலும் நாளை மற்றொன்றிலும் பணிபுரிய அது பாலமாகும்.

நடைமுறைக்கு மூன்று குறிப்புகள் போதும். ஒலி இணைப்புக் கருவி வாங்குமுன், தனி இயக்கி நிரல் தேவைப்படாத யுஎஸ்பி பொதுமுறைக் கருவியா என்று கேட்டு வாங்குக. லினக்ஸை நிறுவுமுன் யுஎஸ்பி துண்டிலிருந்து இயக்கிப் பார்த்து, ஒலியும் வலையிணைப்பும் இயங்குகின்றனவா எனச் சோதிக்க. விண்டோஸும் வேண்டுமெனில் இரண்டையும் ஒரே கணிப்பொறியில் தனித்தனிப் பகுதிகளில் வைத்து, தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்க.

இயங்குதளத்தைவிட முதன்மையானது ஒன்றுண்டு. நம் வட்டாரத்தின் இரைச்சல்! இருப்புப்பாதை ஓரத்து வீடும், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் ஓடும் சரக்குந்தும், தலைக்குமேல் சுழலும் மின்விசிறியும் எந்த இயங்குதளத்திற்கும் அடங்கமாட்டா. தடித்த போர்வைகளைத் தொங்கவிட்ட ஒரு சிறு அறையும், விடியற்காலை அமைதியும், நல்ல ஒலிவாங்கி ஒன்றும் விலையுயர்ந்த மென்பொருளினும் மிகுதியாகப் பதிவை உயர்த்தும்.

கல்லூரிகள் செய்யத்தக்கது

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது. அதற்கு முன் இவ்வட்டாரம் ஏரியும் வயலுமாக இருந்ததைக் கண்ணால் கண்ட முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் பேச்சு, தாலாட்டு, தொழிற்பாட்டு, ஊர்ப்பெயர்க் கதைகள் எதுவும் பதிவாகவில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,000க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அதனை இராகத்தோடு ஓதும் மரபு அருகி வருகிறது. முழு நூலையும் தெளிவான குரலில் ஒலிநூலாக்குவது ஒரு கல்லூரித் தமிழ்த்துறையால் ஆகாத காரியமா?

வீட்டில் முடங்கிய பத்து மடிக்கணினிகள், கட்டற்ற மென்பொருள், இரண்டு ஒலிவாங்கிகள், அமைதியான ஓர் அறை: இவ்வளவே முதலீடு. தமிழ் மாணவரும் கணிப்பொறி மாணவரும் கைகோத்தால் ஓராண்டில் ஒரு தொகுதி நிறைவேறும். ஆட்டத்தில் ஆர்வமுடையோர் ஆடுபுலி ஆட்டத்தையும் பல்லாங்குழியையும் கணிப்பொறிக்குக் கொணரட்டும். அதற்கான ஒலியை இவர்கள் பதியட்டும். பெரியோர்கள் தம் வீட்டுப் பழைய கணினிகளை இப்பணிக்கு மனமுவந்து அளிக்கட்டும். ஆசிரியர்கள் பாடவேளைக்கு அப்பால் ஒருமணி நேரம் ஒதுக்கட்டும்.

மாணவச் செல்வங்களே! அடுத்தமுறை கணிப்பொறிக் கடைக்குச் செல்லுங்கால் "எது நல்லது?" என்று கேளாதீர்கள். "நான் செய்யப்போவது இது, என் கைப்பொருள் இவ்வளவு, களவின்றி இதற்கு வழி எது?" என்று கேளுங்கள். கேள்வி முழுமையானால் விடை உங்களுக்கே புலப்படும். அவ்விடை பெரும்பாலும் அலமாரியில் உறங்கும் பழைய மடிக்கணினியாகவே இருக்கும். அதனைத் தூசு தட்டி எடுங்கள். முதலில் உங்கள் பாட்டியின் குரலைப் பதியுங்கள்.